நூறு போதுமா? - வெளியூர் போகும் மகளுக்காக ஒரு சின்ன சரித்திரம்

1983 ஜூன் மாதம். சாலி ரைட் சாலஞ்சர் விண்கலத்தில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் பெண். ஆறு நாள் பயணம். நாசா இஞ்சினியர்கள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பெட்டி கட்டுகிறார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது. இவருக்கு எத்தனை டாம்பான் வைப்பது? நூறு வைத்தால் சரியாக இருக்குமா என்று அவரிடமே கேட்டார்களாம். அந்த எண்ணிக்கை சரியில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. 2002-ல் நாசாவுக்கே கொடுத்த பேட்டியில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

சந்திரனுக்கு ஆள் அனுப்பி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை. சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனாலும் அவர்களை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். வெட்கப்படாமல் கேட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் அதைக்கூடக் கேட்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. பள்ளியில் ஆறு நாள் கேம்ப், உத்தராகண்ட் பக்கம் மலையேற்றம். அவளுக்கு மாதா மாதம் உதிரப்போக்கு ரொம்ப அதிகம். ஊரிலிருந்து போன் வந்தது: "அந்த நாள்ல வந்துடுச்சுன்னா பச்சப்புள்ள என்ன பண்ணும், அனுப்பாதம்மா." மகளோ என்னிடம் வேறொரு கேள்வி கேட்டாள்: "அந்தக் காலத்துல எல்லாம் என்னம்மா பண்ணாங்க?"

வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்துவிட்டு பேங்கில் வேலை பார்ப்பவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குதான். படிக்கப் படிக்க, இந்த சரித்திரமே ஒரு கணக்கு விவகாரமாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்குத் தூரம்

நம் ஊரில் இதற்குப் பெயரே "தூரம்". வீட்டுக்குத் தூரம், வீட்டு விலக்கு என்றெல்லாம் சொன்னோம். ஆனால் அந்த நாட்களில் வீட்டை விட்டு ரொம்ப தூரம் யாராலும் போக முடிந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. இருந்தது பழைய வேட்டி, புடவைத் துணி. நனைந்தால் மாற்ற மறைவிடம் வேண்டும், அலசத் தண்ணீர் வேண்டும், யார் கண்ணிலும் படாமல் உலர்த்த ஓர் இடம் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற ஒரே இடம் வீடு. ஒரு துணி எத்தனை மணி நேரம் தாங்குமோ அவ்வளவு தூரம்தான் ஒரு பெண் போய் வர முடியும். (வயலில் களையெடுத்தவர்களுக்கும் செங்கல் சுமந்தவர்களுக்கும் இந்தச் சலுகையும் கிடையாது. அவர்கள் அந்தத் துணியோடுதான் நாள் முழுக்க வேலை செய்தார்கள்.)

பள்ளிக்கூடங்களுக்கும் முதலில் தோன்றிய வழி, வீட்டிலேயே இருக்க விடுவதுதான். 1912-ல் கொச்சி சமஸ்தானத்து திருப்பூணித்துறையில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்று, தேர்வு சமயத்தில் மாதவிடாய் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்வைப் பிறகு எழுதலாம் என்று அனுமதித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய மனசு. ஆனால் கேம்ப்பைப் பிறகு வைத்துக்கொள்ள முடியாதே.

போர்முனையிலிருந்து வந்த பஞ்சு

வீட்டைவிட்டு வெளியே போக வழி செய்தது ஒரு யுத்தம். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் கம்பெனி மரக்கூழிலிருந்து "செல்லுகாட்டன்" என்ற பொருளைச் செய்து கொடுத்தது. பஞ்சைவிட நன்றாக உறிஞ்சும், விலையும் மலிவு. போர்முனை நர்சுகள் அதைத் தங்கள் சொந்தத் தேவைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்தது, சரக்கு தேங்கியது. நர்சுகள் செய்ததையே கம்பெனி வியாபாரமாக்கியது. 1920-ல் கோடெக்ஸ் கடைக்கு வந்தது.

ஆனால் விற்கவில்லை! ஆண் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் கவுண்டரில் பாக்கெட்டுகளை அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியலை வைத்தார்கள். காசைப் போட்டுவிட்டுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போகலாம். நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுப்பார்களே, அதற்கு அண்ணன் இது.

அப்போதைய பேடில் பசை கிடையாது. இடுப்பில் ஒரு பெல்ட், அதில் கொக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். நடந்தால் நகரும், ஓடினால் கேட்கவே வேண்டாம். மேரி கென்னர் என்ற கறுப்பினப் பெண் நகராமல் நிற்கும் ஒரு பெல்ட்டைக் கண்டுபிடித்து 1956-ல் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பெனி ஆர்வமாகத் தொடர்பு கொண்டது. அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டது. நஷ்டம் யாருக்கு? பேட் நழுவிவிடுமோ என்று பயந்து விளையாட்டு மைதானத்துக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண் பிள்ளைகளுக்கு.

1970-ஐ ஒட்டித்தான் அடியில் பசை ஒட்டிய பேட் வந்தது. பெல்ட் போயிற்று. ஓடலாம், குதிக்கலாம், ரயிலில் மேல் பர்த்தில் ஏறலாம். நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இது சகஜமாக இன்னும் இருபது வருஷம் ஆயிற்று. என் வயதுக்காரர்களில் நிறையப் பேர் துணியில் தொடங்கி பேடுக்கு மாறியவர்கள்தான்.

இதற்கிடையில் 1933-ல் டாம்பானுக்கும் 1937-ல் மாதவிடாய்க் கப்புக்கும் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இதில் 1980-ல் நடந்ததை மட்டும் நாம் மறக்கக்கூடாது. ரொம்ப நேரம் தாங்கும் என்று விற்கப்பட்ட ரிலை என்ற அதிக உறிஞ்சுதிறன் கொண்ட டாம்பானைப் பயன்படுத்திய சிலருக்கு டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்கிற கொடிய நோய் வந்தது. உயிரிழப்புகளும் ஏற்பட்டன. அந்த வருஷம் செப்டம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதிகமாக உறிஞ்சுவதால் அதிக நேரம் மாற்றாமல் இருக்கலாம் என்ற எண்ணம் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. பயணத்தில் பிள்ளைகள் செய்ய நினைப்பதும் இதேதான். பாத்ரூம் அழுக்கு, அதனால் மாற்ற வேண்டாம், தண்ணீரும் குடிக்க வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள்.

எவ்வளவு போனால் அதிகம்?

இத்தனை வருஷமும் பேட் செய்தவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு. எவ்வளவு போனால் அதிகம் என்று முறையாக அளந்து பார்க்க 1960-கள் வரை ஆயிற்று. ஸ்வீடனில் கோதன்பர்க் நகரில் ஹால்பெர்க் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் நூற்றுக்கணக்கான பெண்களிடமிருந்து உபயோகித்த நாப்கின்களைச் சேகரித்து, அதிலிருந்த ரத்தத்தை ரசாயன முறையில் அளந்தார்கள். முடிவு 1966-ல் வெளிவந்தது. ஒரு மாதவிடாய்க்குச் சராசரியாக 40 மில்லியைச் சுற்றி இருக்கும். 80 மில்லியைத் தாண்டியவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு அதிகமாக இருந்தது. "அதிகம்" என்பதற்கு அன்றைக்குத்தான் ஓர் எண் கிடைத்தது.

சரி, வீட்டில் மில்லி கணக்கில் அளக்க முடியுமா? முடியாது. அதற்கும் 1990-ல் இங்கிலாந்து டாக்டர்கள் ஒரு வழி செய்தார்கள். ஒரு படம் போட்ட அட்டவணை. பேடில் லேசாகக் கறை என்றால் 1 மதிப்பெண், பாதி அளவு என்றால் 5, முழுக்க நனைந்தால் 20. சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. எல்லா நாளும் கூட்டி 100-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நம்ம பேங்க் டே புக் மாதிரிதான். வரவு கிடையாது, வெறும் பற்று.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. அதிக உதிரப்போக்குக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் பல காலமாகவே இருக்கிறது: பெரும்பாடு. சித்த மருத்துவத்தில் புழங்குகிற சொல். அதாவது, வழக்கமான மாதவிலக்கு வேறு, இது வேறு, இது நோய், வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நம் முன்னோர் பிரித்தே வைத்திருந்தார்கள். நாமோ "பொம்பளைன்னா எல்லாருக்கும் அப்படித்தான்" என்று இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம். ஊரை விட்டு வந்த நமக்கு இன்னும் ஒரு படி கஷ்டம். பக்கத்தில் பாட்டி இல்லை, அத்தை இல்லை. பிள்ளைக்கு அந்தச் சொல்லும் தெரியாது. இங்கே டாக்டரிடம் "மாஹ்வாரி ஜ்யாதா ஹை" என்பதற்கு மேல் நமக்கும் சொல்லத் தெரிவதில்லை. அந்த இடத்தில்தான் நோட்டுப் புத்தகம் உதவியது. எத்தனை நாள், எத்தனை பேட், எத்தனை முழுக்க நனைந்தது, கட்டி உண்டா. மூன்று மாதக் கணக்கை நீட்டினேன். மொழியே தேவைப்படவில்லை.

ஃபின்லாந்துச் சிறுமி

எதற்கு இவ்வளவு கவலை, வயசுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் இப்படித்தானே என்று கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். முதல் ஓரிரு வருஷம் கருமுட்டை ஒழுங்காக வெளிவராது, அதனால் சுழற்சி தாறுமாறாக இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் அதிகப் போக்கு உள்ள சில பிள்ளைகளுக்கு ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும்.

1924-ல் ஃபின்லாந்தின் ஆலந்து தீவுகளிலிருந்து ஓர் ஐந்து வயதுச் சிறுமியை ஹெல்சின்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். பெயர் யோர்டிஸ். எங்கே அடிபட்டாலும் ரத்தம் நிற்காது. உடன்பிறந்தவர்களில் சிலர் சிறு வயதிலேயே ரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டர் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து 1926-ல் கட்டுரை எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அந்தச் சிறுமி உதட்டு வெட்டு, மூக்கில் ரத்தம் என்று எத்தனையோ தாண்டி வளர்ந்தாள். பெரியவளானாள். நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். வயது பதின்மூன்று.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமுறுத்த எழுதவில்லை. அன்றைக்கு அந்த டாக்டரிடம் பெயர் இருந்தது, மருந்து இல்லை. இன்றைக்கு இரண்டும் இருக்கிறது. அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் பிடுங்கினால் நிற்காதது, லேசாக இடித்தாலே நீலம் பாரிப்பது, குடும்பத்தில் யாருக்காவது இந்தத் தொந்தரவு - இதெல்லாம் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை உண்டு.

மருந்து வந்த கதை கேட்கவே சந்தோஷமானது. ஜப்பானில் உடாகோ ஒகமோடோ என்ற பெண் விஞ்ஞானி, கணவரோடு சேர்ந்து, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கில் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற ஒரு மருந்து தேடினார். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1962-ல் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் பற்றிய கட்டுரை வந்தது. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் பிடித்து வைக்கும் மருந்து. இன்று அதிக மாதவிடாய்க்கு டாக்டர்கள் எழுதித் தருவதில் இது முக்கியமானது. அவர் ஆசைப்பட்டபடியே பிரசவ ரத்தப்போக்கில் அது உயிர் காக்கிறது என்று உலக அளவிலான பெரிய ஆய்வு 2017-ல் நிரூபித்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் தமது 98-வது வயதில் அவர் காலமானார்.

நமக்கு ரொம்பப் பழக்கமான இன்னொரு மாத்திரையும் உண்டு. கோயில், கல்யாணம், டூர் என்றால் "நாள் தள்ளிப்போட" வாங்குவோமே, அது. பெரும்பாலும் நோரெத்திஸ்டெரோன். 1951-ல் மெக்சிகோவில் செய்த ஹார்மோன் அது. கருத்தடை மாத்திரைகளுக்கு அடிப்படையானவற்றில் அதுவும் ஒன்று. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்து. அக்கா சாப்பிட்டாள், சித்தி சாப்பிட்டாள் என்று கவுண்டரில் வாங்கிச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது வேறு கதை. தயவுசெய்து வேண்டாம். ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும்.

சராசரி என்னும் ஏமாற்று

நம் நாட்டு சமாச்சாரத்துக்கு வருவோம். கோவை முருகானந்தம் மலிவு நாப்கின் மெஷின் செய்து 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2011-ல் அறிவித்த புது யுகம் திட்டத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கொடுத்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பி 2018 ஜூலையில் நீக்கினார்கள். ஜன் ஔஷதி கடைகளில் 2018-ல் இரண்டரை ரூபாய்க்கு வந்த பேட் 2019-ல் ஒரு ரூபாய் ஆயிற்று. எல்லாமே நல்ல காரியம்.

ஆனால் கணக்குக்காரி கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. புது யுகம் கணக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாதத்துக்கு ஒன்பது பேட். மத்திய அரசு 2011-ல் கொண்டுவந்த திட்டத்திலும் பாக்கெட்டுக்கு ஆறுதான். என் மகளுக்கு இரண்டாம் நாள் ஒன்றுக்கே ஏழு தேவைப்படுகிறது. சராசரிப் பெண்ணுக்குப் போட்ட கணக்கில் இவள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15-19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. சாப்பாடு சரியில்லை என்று எல்லாரும் அவர்கள் தட்டைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு வெளியே போகிறது என்று கேட்பவர் குறைவு.

ஏடிஎம்மில் பணம் வைக்கும்போது மாதச் சராசரியைப் பார்த்து வைத்தால் சம்பளத் தேதியன்று மெஷின் காலி. கூட்டம் அதிகமாக இருக்கிற நாளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மகளின் பையையும் அப்படித்தான் கட்ட வேண்டும்.

பையில் என்ன?

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

1. கேம்ப்புக்கு மூன்று மாதம் முன்பே நோட்டில் கணக்கு. அதிகமான நாளின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் பாதி சேர்த்து பேட் எடுத்து வைத்தோம். தேதி வராது என்று தோன்றினாலும் எடுத்து வைக்க வேண்டும், இந்த வயதில் தேதியை நம்ப முடியாது.

2. கிளம்பும் முன் டாக்டர். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். நடப்புக் கணக்கில் பணம் இருக்கும், ஃபிக்ஸட் டெபாசிட் கரைந்திருக்கும்! மருந்து எழுதித் தந்தால் சீட்டின் ஜெராக்ஸும் பையில்.

3. இரவுக்குப் பெரிய சைஸ் பேட், மேலே பழக்கப்பட்ட ஷார்ட்ஸ். அடர் நிற பேண்ட் இரண்டு, உள்ளாடை கூடுதலாக நான்கு, படுக்கையில் விரிக்கக் கறுப்புத் துண்டு. ஜிப் கவர், பழைய பேப்பர். கறை பட்டால் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் கூடாது.

4. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நனைந்தால் அதற்கு முன்பே. கப், டாம்பான் எல்லாம் நல்லதுதான், ஆனால் புதிதாக முயற்சி செய்கிற இடம் மலை உச்சி இல்லை.

5. கூட வரும் டீச்சரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பேருந்து எத்தனை மணிக்கு ஒரு முறை நிற்கும், பாத்ரூமில் தண்ணீர் இருக்குமா என்று கேளுங்கள். வெள்ளை யூனிஃபார்ம் கட்டாயமா என்றும் கேளுங்கள். வெள்ளை உடையில் விடாப்பிடியாக இருந்த விம்பிள்டனே 2023 முதல் பெண்கள் அடர் நிற உள்ஷார்ட்ஸ் போடலாம் என்று இறங்கி வந்தது. நம்ம பள்ளி பி.டி. சார் இறங்கி வர மாட்டாரா என்ன?

6. மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எல்லைக்கோடு: தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு பேட் முழுக்க நனைந்தால், தலை சுற்றினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், கூச்சம் பார்க்காமல் டீச்சரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு போன் அப்புறம்.

கடைசி விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். சத்தமாகச் சொல்ல வைத்துப் பழக்குங்கள். உண்டியலில் காசு போட்டுப் பேசாமல் எடுத்துப்போன காலத்திலிருந்து இங்கே வந்து சேர நூறு வருஷம் ஆகியிருக்கிறது. பெல்ட் போய்விட்டது, துணி போய்விட்டது, வரி போய்விட்டது. வாய்விட்டுச் சொல்வதற்கு வெட்கப்படுவதும் போய்விட்டால், பெண் பிள்ளைகள் எவ்வளவு தூரமும் போய் வரலாம்.